ஹால்வர் வீட்டுத் தக்காளி நாற்று

மின்னசோட்டாவில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் தக்காளி நாற்றைக் கடையில் வாங்கினது கிடையாது. ஹால்வர் ட்வீட் இருக்கும்போது என்னத்துக்கு? முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷன். மார்ச்சில், வெளியே முழங்கால் பனி கிடக்கும்போதே, நிலவறையில் டியூப்லைட்டைத் தொங்கவிட்டுத் தயிர்க் கோப்பைகளில் விதை போட்டுவிடுவார். பனி கரைந்ததும் பட்டாணியும் கீரையும் நேரே மண்ணில். தக்காளி மட்டும் உறைபனிக்குப் பயந்து உள்ளேயே வளரும். மே கடைசி சனிக்கிழமை தெருவே அவர் வாசலில் நாற்றுக்கு வந்து நிற்கும். அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து.

போன வருஷம் மே தொடக்கத்தில் அவருக்கு முட்டி ஆபரேஷன். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"டோரீன், நாத்தை முதல் நாள் ஒரு மணி நேரம் வெளிய வை, நிழல்ல. மறுநாள் ரெண்டு மணி. இப்படிப் பத்து நாள் வெயிலுக்கும் காத்துக்கும் பழக்கணும். அவசரப்பட்டுடாதே, தாயே."

"யாருகிட்ட சொல்றீங்க? ரெண்டு பிள்ளை வளர்த்தவ நான்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

அறுபது கோப்பையைத் தினமும் தூக்கிக்கொண்டு படியேற எவளால் முடியும்? மூன்றாம் நாள் நல்ல வெயில். மொத்தத்தையும் புல்தரையில் பரப்பிவிட்டுச் சீட்டாடப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் இலையெல்லாம் வெள்ளைவெளேரென்று வெந்து கிடக்கிறது. தண்டெல்லாம் காற்றில் ஒடிந்திருக்கிறது. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

போனில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பக்கத்து ஊருக்குக் காரை விரட்டி, அறுபது நாற்று வாங்கி வந்து, அவர் கோப்பைகளிலேயே மாற்றி நட்டு, அவர் ரகத்தின் பெயர் எழுதிவைத்திருந்த குச்சிகளையும் செருகிவைத்தேன். இதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

ஹால்வர் ஊன்றுகோலோடு வந்து ஒரு கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். அவர் போட்டிருந்த ரகத்துக்கு உருளைக்கிழங்குச் செடி மாதிரி வெட்டில்லாத அகல இலை. நான் வாங்கினதோ ஓரமெல்லாம் வெட்டு விழுந்த சாதாரண இலை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"தண்ணி ஒழுங்கா ஊத்தியிருக்கே" என்றார்.

சனிக்கிழமை தெரு கூடியது. அவர் மறைக்கவில்லை. "இந்த வருஷம் கடை நாத்துதான்ப்பா. ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல எல்லாத்தையும் வெயில்ல விட்டுட்டேன். என் தப்புதான்."

எதிர்வீட்டு லவெர்ன் சும்மா விடுவானா? "இத்தனை வருஷமா எங்களுக்குப் பாடம் எடுத்தீங்களே, பெரியவரே! முட்டியோட சேர்த்து மூளையையும் கழட்டிட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வர் காதெல்லாம் சிவந்து, குனிந்து கோப்பைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. திறந்தேன்.

"பாவம், வயசாயிடுச்சுல்ல!" என்று சொல்லி நானும் சேர்ந்து சிரித்தேன்.