மின்னல் குறி போட்ட துளை

சென்ற கோடையில் ஒரு மத்தியானம், நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பேருந்தில் நடந்தது இது. என் மடியில் லேப்டாப் இருந்தது. இரண்டு நாளாக அது உயிர் பெறவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு கணம் சுற்றி அடங்கிவிடும். திரை கறுப்பாகவே இருக்கும். சேலத்தில் பழுது பார்க்கக் கொடுப்பதற்காக எடுத்துப் போனேன்.

பக்கத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர். ஐம்பது வயதிருக்கும். நாமக்கல்லில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார். என் மடியைப் பார்த்துவிட்டு, "கொழந்தையாட்டப் புடிச்சுட்டு வாரீங்க" என்று சிரித்தார்.

புதுச்சத்திரம் நெருங்கும்போது அவருடைய பட்டன் போன் அடித்தது. மனைவி. அவர் பேசியது பேருந்து முழுக்கக் கேட்டது.

"என்ன புள்ள... இன்னைக்கேவா வந்துட்டாங்க? நாளைக்கின்னு தான சொன்னாங்க... எறங்கிட்டாங்களா? ஏம்புள்ள, இரு, இரு, நான் சொல்றதக் கேளு..."

போன் இரண்டு முறை கீச்சிட்டு அணைந்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அவர் கிணற்றின் அடியில் இருக்கும் மோட்டார் பழுது. சரிசெய்ய வேண்டியவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மூன்று பேர் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டாருக்குப் போகும் ஒயரின் இணைப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வயலுக்கான மும்முனை மின்சாரம் அங்கே முறை வைத்துத்தான் வரும். முந்தைய நாள் வரை இரவு முறை. ஆகவே பகலில் பயமில்லை என்று மனைவி நினைத்திருக்கிறார். இறங்கியவர்களும் அப்படியே. அன்று முதல் மத்தியான முறைக்கு மாறிவிட்டது என்று லைன்மேன் காலையில் இவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். மோட்டாரின் ஸ்டார்ட்டரோ 'ஆட்டோ' நிலையில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் யாரும் தொடாமலே அது தானாக மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்பும். வருவதற்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

என் போனிலிருந்து அவர் மனைவியை அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எண், லைன்மேன் எண் எல்லாம் அணைந்த போனுக்குள். ஸ்டார்ட்டருக்குள்ளும் ஒரு சிம் உண்டு, போன் போட்டே அதை நிறுத்தலாம். ஆனால், "என்ற நம்பருக்குத்தானுங்க அது கட்டுப்படும். வேற ஆரு கூப்புட்டாலும் காதுலயே போட்டுக்காது" என்றார். அவருடைய சிம் பழைய பெரிய அட்டை. என் போனில் நுழையாது. பேருந்தில் சார்ஜ் ஏற்ற வழியில்லை. யாரிடமாவது பவர் பேங்க் இருக்கிறதா என்று நடத்துநர் சத்தம் போட்டுக் கேட்டார். இல்லை.

முன் இருக்கையில், சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். திரும்பி என் மடியைக் காட்டி, "அதுல போடுங்களேன்" என்றார்.

"இது வேலை செய்யலைங்க. ஆன் ஆகறதே இல்லை."

"ஆன் ஆக வேணாம். பக்கவாட்டுல எந்த ஓட்டைக்கிட்டயாச்சும் மின்னல் குறி போட்டிருக்கா பாருங்க. எங்க கடை லேப்டாப்ல இருக்கு. ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் போன் ஏறும்."

பார்த்தேன். மூன்று யுஎஸ்பி துளைகளில் ஒன்றின் அருகே, நகக்கீறல் அளவுக்கு ஒரு மின்னல் குறி. நான்கு வருடமாக என்னோடு இருக்கும் பொருள். இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பெண் தன் ஹெட்செட்டுக்கு வைத்திருந்த சிறிய முனை ஒயரைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடிய லேப்டாப்பில் ஒரு முனை, விவசாயியின் போனில் மறு முனை.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சின்னத் திரையில் காலியான பேட்டரிப் படம் தோன்றி, அடியில் ஒரு கோடு எழுந்தது. செத்துவிட்டது என்று நான் முடிவுகட்டிய இயந்திரம், ஒரு விளக்குக்கூட எரியாமல், தன்னிடம் மிச்சமிருந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒயரைப் பிடுங்காமலே விவசாயி போனை உயிர்ப்பித்து ஸ்டார்ட்டரின் எண்ணை அழுத்தினார். பேருந்து குலுங்கியதில் முதல் முறை எண் தவறிப்போயிற்று. இரண்டாம் முறை, ஆளில்லாத மோட்டார் அறையிலிருந்து, பதிவு செய்த பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "ஆட்டோ நிறுத்தப்பட்டது."

"செரிங்க, ரொம்ப நன்றிங்க" என்றார் அவர் அந்தக் குரலிடம்.

"மிசினுக்கே மருவாதை கொடுக்கறாருப்பா" என்றார் நடத்துநர். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

ஆட்டோ நின்றாலும் யாரும் கையால் போட்டுவிடக் கூடாதே என்று மறுபடி அழைத்தார்: லைன்மேன் எடுக்கவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பரமத்தி வேலூரில் இருந்தார். மனைவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேருந்து மேம்பாலம் ஏறி இறங்கியது. கடைசியில் என் போனுக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆருங்க இது, இத்தன தடவ கூப்புட்டிருக்கறீங்க? கடப்பாரை எடுக்க மோட்டார் ரூமுக்கு வந்தேன், போன் இங்க கெடக்குது..."

"நாந்தான் புள்ள."

"ஏனுங்க, கரண்டு வந்திருக்குதே! ஸ்டார்ட்டர் பொட்டில மூணு லைட்டும் எரியுது. அப்பறம் ஏன் மோட்டாரு ஓடல?"

"கீழ அவங்க?"

"ஒயரைக் கையில வெச்சுக்கிட்டு கத பேசறாங்க. டீ வேணுமாம்."

"மொதல்ல ஃபீஸ் கட்டையைப் புடுங்கிப் போடு சாமி. அப்பறமா டீ வெய்யி."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஊருக்குத் திரும்பினார். இறங்குமுன் என் லேப்டாப்பின் மூடியில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தார். சேலத்தில் அதைத் திறந்து பார்த்தவர், உள்ளே மதர்போர்டு போய்விட்டது, பேட்டரி மட்டும்தான் நல்லது என்றார். நான் அதை விற்கவில்லை.

அந்தக் கிணற்றை நான் பார்த்ததில்லை. டீ கேட்ட மூன்று பேரின் முகமும் தெரியாது. தலைக்கு மேலே அந்த விளக்குகள் எரிந்தபோது ஓடும் பேருந்து ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்களுக்கும் தெரியாது. என் தலைக்கு மேலும் இப்படி எத்தனை முறை விளக்கு எரிந்து, யார் யாரோ எங்கிருந்தோ ஆபத்தைத் தடுத்திருப்பார்கள் என்ற எண்ணம், டீ குடிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.