விட்டுப்போன ஏகாரம்

ஆபீசில் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் வரிக்குவரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மேல்கோர்ட்டின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள். கீழே சனங்கள் தங்கள் பேச்சில் சொல்லி அழுததையெல்லாம், மேலே நீதிபதிகளுக்குப் புரிகிற கோர்ட்டு மொழியில் மாற்றித் தரவேண்டும். மூலத்தில் பதினெட்டு வரி என்றால் அவளிடமும் பதினெட்டு வரி. கூடக் கொஞ்சம் போட்டால் கை கூசும் என்பாள்.

ஒருமுறை நிலத் தகராறில் ஒரு சாட்சி, “எனக்கே காது குத்துறான்யா” என்று சொல்லியிருந்தான். ஏமாற்றப் பார்க்கிறான் என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இவள் ஊசியால் காதைத் துளைத்ததாகவே எழுதிவிட்டாள். காயத்துக்கு மருத்துவச் சான்றிதழ் எங்கே என்று நீதிபதி கேட்க, பிரிவே ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளுக்கா வெட்கம்? சொன்னதைத்தானே எழுதினேன், சிரிக்க என்ன இருக்கிறது என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வெளியே மேடைக்கு மேடை முழக்கம். மக்கள் பேசுகிற மொழியில்தான் நீதி நடக்கவேண்டும், விசாரணையே தொடங்காமல் வருஷக்கணக்கில் ஆளை அடைத்து வைப்பது அநியாயம், ஜாமீன் கொடு என்று. பேசட்டும், பேச்சுக்கு என்ன வரியா போடுகிறார்கள் என்பாள். கோர்ட்டு நம் பேச்சுக்கு இறங்கி வந்துவிட்டால் தன் நாற்காலி என்ன ஆகும் என்ற கவலை அவளுக்கு.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஜாமீன் மனு வந்தது. ஹாஸ்டல் ஒன்றில் துணி துவைக்கிற பெண். வேலைக்குப் போன நேரத்தில் இரண்டு வயது மகன் வீட்டுத் தண்ணீர் டிரம்மில் விழுந்து செத்துப்போனான். பிள்ளையை அமுக்கியதே இவள்தான் என்று புருஷன் வீட்டார் புகார் கொடுத்தார்கள். பார்த்த சாட்சி கிடையாது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் வாக்குமூலம்தான் இருந்தது. பிள்ளையைக் கிடத்திய கட்டிலடியில் விழுந்து, “நான்தான் கொன்னுட்டேன், என் புள்ளைய நானே கொன்னுட்டேனே” என்று அந்தப் பெண் மாரில் அடித்துக்கொண்டதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். ஒன்றரை வருஷமாகப் பெண் ஜெயிலில். விசாரணைக்கு நாள்கூடக் குறிக்கவில்லை. மூத்த மகளும் தாயோடு உள்ளேதான். ஆறு வயது முடிந்தால் பிள்ளையை ஜெயிலில் வைத்திருக்கக்கூடாது, அரசு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு இன்னும் ஒரே மாதம். அதற்குள் ஜாமீன் கிடைத்தால் தாயும் மகளும் சேர்ந்தே வெளியே வரலாம்.

வரிக்குவரி உட்கார்ந்தாள். ‘நான்தான்’ என்பதில் உள்ள ‘தான்’ விட்டுப்போகக்கூடாதே! ‘வேறு யாரும் அல்ல, நான்’ என்று அழுத்தமாகப் போட்டாள். ‘கொன்னுட்டேனே’ என்பதன் கடைசியில் இழுபடுகிற ஏகாரத்துக்குக் கோர்ட்டு மொழியில் சொல் இல்லை. இல்லாததற்கு நான் எங்கே போவேன் என்று விட்டுவிட்டாள். மிஞ்சியதைப் படித்தால், ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நிதானமாக ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற அவள் புருஷன் சாப்பிடும்போது கதையைக் கேட்டுவிட்டுக் கையை உதறினார்.

“உங்கப்பா போனப்ப உங்கம்மா என்ன சொல்லி அழுதாங்க? நான்தான் கொன்னுட்டேன், நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்னுதானே? அவங்கள யாராவது பிடிச்சு உள்ள போட்டாங்களா?”

“அழுகைக்கெல்லாம் மொழிபெயர்ப்பு கிடையாதுங்க. எழுத்துக்குத்தான்.”

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவளோடு பேசி ஜெயித்தவர் யார்?

இலவச சட்ட உதவியிலிருந்து வந்த இளம் வக்கீல் லேசுப்பட்டவன் இல்லை. மொழிபெயர்ப்பு தப்பு, இது ஒப்புதல் அல்ல, ஒப்பாரி என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நீதிபதிகளுக்கு இரண்டும் ஒன்றுதான், அந்தப் பேச்சே தெரியாதே! மொழிபெயர்ப்பாளரே ஜெயிலுக்குப் போய், சம்பந்தப்பட்டவளிடம் படித்துக்காட்டி, சரியா தவறா என்று எழுதி வாங்கி வரட்டும் என்று உத்தரவு போட்டார்கள். நல்ல கூத்து! தப்புச் செய்தவளையே தப்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். அந்த வாரம்தான் தலைமை மொழிபெயர்ப்பாளர் பதவிக்குப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பிழை என்று ஒரு வரி பதிவேட்டில் ஏறினால் அவளுடைய இருபத்தாறு வருஷமும் பாழ்.

ஜெயிலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நோட்டீஸ். துவைக்கிறவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை மேசை விளிம்பில் மோவாயை வைத்துப் பேப்பரையே பார்த்தது.

எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள். பாவி, தெரிந்தேதான் விழுங்கினாள்.

“என் குழந்தையைக் கொன்றது வேறு யாரும் அல்ல, நான். இப்படிச் சொன்னியா, இல்லையா?”

துவைக்கிறவள் “சொன்னேம்மா,” என்றாள். “வேற யாரைச் சொல்ல? டிரம்ம மூடாம ஓடினது நான்தானே. நேரமாச்சுன்னு ஓடினேன்மா. மூடிய எடுத்து வைக்க எவ்ளோ நேரமாகும்?”

அவள் சொன்னதில் முதல் சொல் மட்டும் படிவத்தில் ஏறியது. மற்றதற்குப் படிவத்தில் இடம் இல்லை. இருந்தாலும் எழுதியிருக்கமாட்டாள். ‘படித்துக்காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்.’ பேனாவை நீட்டினாள்.

துவைக்கிறவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தது. ஜெயிலில் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துகளைப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் படித்திருந்தாள். நடுவில் ஓர் எழுத்து மறந்துபோக, பிள்ளை விரலால் மேசையில் எழுதிக் காட்டியது. அதைப் பார்த்து முடித்தாள். பிறகு பேனாவைத் துடைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

“உள்ளதைச் சொல்லிட்டேன்மா. இனிமே இவள என்கூட விட்டுடுவாங்கல்ல?”

“அதையெல்லாம் கோர்ட்டு சொல்லும்,” என்று வரிக்குவரி பையை மூடினாள்.

கோர்ட்டு பதினோராம் நாள் சொன்னது. தன் சொல் சரியாகவே மொழிபெயர்க்கப்பட்டது என்று மனுதாரரே கையெழுத்திட்டிருப்பதால் மனு தள்ளுபடி. அந்த உத்தரவை நம் பேச்சில் மாற்றி ஜெயிலுக்கு அனுப்பும் வேலையும் வரிக்குவரியிடமே வந்தது. ஒன்பது வரி. ஒரு பிழை கிடையாது. அது ஜெயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் விடுதி வண்டி வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.