கடமையாகாத குளிப்பு

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் போனேன், ஒரு பெட்டியோடும் நிறையத் தைரியத்தோடும். பெட்டி மட்டும்தான் பத்திரமாக வந்து சேர்ந்தது.

முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண வேலையில் நாலு நாள் தூக்கமில்லை, களைப்பு என்று சமாளித்தேன். இரண்டாம் இரவும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் இரவு மனைவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி. இருபத்தேழு வயதில் என் கதை முடிந்தது, இவள் என்னை விட்டுவிடப் போகிறாள் என்று உறுதியாக நம்பினேன்.

அதைவிடப் பெரிய பயம் மாமி, மனைவியின் உம்மா. கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தால் சுபஹுத் தொழுகைக்கு முன் குளிப்பது கடமை. ஆகவே புதுமாப்பிள்ளை இருக்கும் வீட்டில் விடியற்காலைத் தண்ணீர்ச் சத்தம் ஒரு செய்தி. அது வராவிட்டால் மாமி என் உம்மாவிடம் கதைப்பார், உம்மா என் மூத்த ராத்தாவிடம், அதாவது அக்காவிடம் கதைப்பார், பிறகு கல்முனை பசாரில் நான் தலைகாட்ட முடியாது. என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள்: ஒன்றுமே நடக்காமல், மாரிமழைக் குளிரில், நாலு மணிக்கு எழும்பி வாளி வாளியாகத் தலையில் ஊற்றினேன், அயல்வீட்டுக்கும் கேட்கும்படி. எனக்குப் பின்னால் மனைவியும் போய்க் குளித்துவிட்டு, இடுப்புவரைக் கூந்தலைத் துவட்டியபடி தும்முவாள். நல்ல சுத்தமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி முகமெல்லாம் சிரிப்பாக முட்டைக்கோப்பி கொண்டு வருவார். "குடிங்க மருமகன், உடம்புக்கு நல்லம்."

பத்தாம் நாள் வேலை செய்யும் புடவைக் கடையில் நின்றபடியே தூங்கி, மூன்று யார் நீளத் துணி கேட்டவருக்கு ஐந்து யார் வெட்டிவிட்டேன். அன்று பின்னேரமே, தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று ஆலையடிவேம்புவரை மோட்டார் சைக்கிளில் போய் ஒரு டொக்டரைப் பார்த்தேன். என் வயதுக்காரர். பிரஷர், சீனி எல்லாம் பார்த்தார். தூங்கி எழும்பும்போது உடம்பு வழமைபோல் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன்.

"அப்ப உடம்பில பிழையொண்டும் தெரியல்ல. எத்தினை மணித்தியாலம் நித்திரை?"

"மூண்டு. நாலு மணிக்கு எழும்பிருவன்."

"எழும்பி என்ன செய்றீங்க?"

சொன்னேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நித்திரையும் இல்லாம, பயமும் சேர்ந்தா எந்தப் பொடியனுக்கும் இப்படித்தான். மருந்து குளிசை ஒண்டும் வேணாம். போய்ப் படுங்க, மனிசியோட கதைங்க. ஒரு மாசத்தில சரிவராட்டி வாங்க, இன்னும் சோதிச்சுப் பாப்பம்" என்றார்.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். அவள் அழத் தொடங்கினாள்.

"என்னப் பிடிக்கல்லையாக்கும் எண்டு நெனச்சன் மச்சான். நானும் ராவெல்லாம் நித்திரையில்ல."

"பிடிச்சதாலதான் புள்ள இவ்வளவு பயம். சரி, நீ ஏன் குளிச்ச?"

"நீங்க மட்டும் குளிச்சா உம்மாக்குச் சந்தேகம் வரும்தானே. உங்கட மானம் போயிரும் எண்டுதான்."

பத்து நாள் தும்மியது எனக்காக! விட்டுவிடப் போகிறாள் என்று நான் நினைத்தவள். அவள்மேல் வந்த அன்பைத் தாங்க முடியவில்லை. இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். தலையணையைக் கடித்தும் சிரிப்பு நிற்கவில்லை.

அதன் பிறகு மூன்று இரவு வெறுமனே தூங்கினோம். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனதும் மாமி பதறி, "ரெண்டு பேருக்கும் கோபமோ?" என்று கேட்டார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு இல்லையென்றோம்.

நாலாம் நாள் பௌர்ணமிப் போயா, கடை லீவு. சுபஹு தொழுதுவிட்டு மறுபடி படுத்தோம். விழித்தபோது யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பிறகு நடந்ததை எழுதமாட்டேன்.

மணி பத்தரை. கதவைத் திறந்தால், விருந்துக்கு வந்த மாமாமாரும் மாமிமாரும் ஹோல் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். குளியலறை அவர்களுக்கு அந்தப் பக்கம். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். எல்லாத் தலையும் துவாயின் பக்கம் திரும்பியது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வெட்கத்தில் காது சுட, வரிசையாக ஒவ்வொருவருக்கும் சலாம் சொல்லிக்கொண்டே போனேன்.

தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்றினேன்.