ஏரியில் மூழ்கிய தூத்துக்குடி அக்கா

“ஏட்டி, பத்தாங்கிளாஸ் படிச்சுட்டா கேமரா பிடிக்க வந்துருமா?” என்று, கேமராவைப் பிடித்துப் பார்க்கக் கேட்ட என்னைப் பார்த்துச் சிரித்தார் அந்தத் தூத்துக்குடி அக்கா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தச் சிரிப்பு சுட்டது.

அவர் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கணவரின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி பதித்த தகரப்பெட்டிக்குள் கேமராவை வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கி, எங்கள் ஏரியில் மூழ்கி மீன்களைப் படமெடுப்பார். பெட்டியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஓயாமல் துடைப்பார். அவரை யாரும் தடுத்ததில்லை. நான் கணுக்கால் நனைத்தாலே அம்மா கத்துவாள்.

அப்படிச் சிரித்த அன்றுதான் அவர் முதன்முதலாக எங்கள் ஏரிக்கு வந்தார். கடலில் இறங்குவதுபோல் கரையிலிருந்து நடந்தே இறங்கினார். ஏரியில் அப்படி நடந்தால் வண்டல் கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். மதகுக் கல்லிலிருந்து நேராக ஆழத்தில் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் வாயைத் திறக்கவில்லை.

இருந்த ஒரே ஃபிலிம் சுருளும் தீர்ந்தது. சிவந்த கண்களோடு கரையேறினார்.

“ஒரு மீனும் தெரியல. இந்தத் தண்ணி எப்பவும் இப்படித்தானாட்டி?”

“ஆமாக்கா, எப்பவும் இப்டித்தான் கீது.”

“அப்ப பெட்டிய ஏறக்கட்டிர வேண்டியதுதான்” என்று அப்போதும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். என்னைக் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை.

அவர்மேல் எனக்கு இருந்த பொறாமை இன்றும் தீரவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.

“நேத்து நான் சொன்னது பொய்க்கா. மதகாண்ட வாங்க, காட்டுறேன்.”