கையால் அடித்த அரிவாள்

தாராவியில் எங்கள் சந்துக் கோயிலில், சாமியின் வலப்பக்கம் ஒரு அரிவாள் நிற்கிறது. அதைச் செய்தவர் என் மச்சான். என் வீட்டுக்காரியின் அண்ணன். இன்று அவர் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போகிறேன். சாமியை நேராகப் பார்த்துக் கும்பிடுகிறேன். அந்தப் பக்கம் மட்டும் கண்ணைத் திருப்புவதில்லை.

மச்சான் பட்டறையில் கத்தி செய்வார். நான் அவற்றை மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். "ஹாத் கா மால் ஹை க்யா?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். கையால் செய்த சரக்குதான் என்று நிமிர்ந்து சொல்வேன். அவருடைய வலது தோள் இறங்கிப்போன பிறகு கரண்ட் சுத்தியல் வந்தது. காலால் பெடலை மிதித்தால் போதும், அடி தானாக விழும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தாலே எனக்கு நாக்கு தடுமாறும்.

மச்சானுக்கும் அதே குழப்பம்தான். ஒருநாள், "இரும்பு பழுத்ததப் பாக்குதது என் கண்ணு, திருப்புதது என் கை, தண்ணியில முக்கிப் பதம் வைக்கது நானு. மிஷினுக்கு என்னவே தெரியும்? விழத்தான் தெரியும்" என்பார். மறுநாளே, "ஆனாலும் மாப்ள, கை வலிக்கலையே. வலிக்காம செஞ்சதக் கையால செஞ்சேன்னு எப்படிச் சொல்லுதது?" என்பார்.

அந்த வருஷக் கோயில் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் கொடைக்கு, புது அரிவாள் சாத்த வேண்டியிருந்தது. செய்கிறவர் காப்புக் கட்டி, விரதமிருந்து, தன் கையாலேயே அடிக்க வேண்டும். கோயில் தலைவர் சாமி முன்னால் வைத்து அதைக் கேட்பார். செய்தவர் வாயால் பதில் சொன்ன பிறகுதான் வாங்குவார். மச்சான் காப்புக் கட்டினார். இரண்டு நாள் கைச்சுத்தியலோடு மல்லுக்கட்டினார். நாலு தரம் அடித்ததுக்கு மேல் தோள் எழும்பவில்லை. மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து, மிஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பெடலை மிதித்தார்.

"கேட்டா உள்ளதச் சொல்லிருவேன் மாப்ள. சாமி ஏத்துக்கிட்டா ஏத்துக்கட்டும். இல்லன்னா திருப்பி எடுத்துட்டு வந்திருவோம்" என்றார்.

எனக்குத்தான் அது ஒப்பவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் தலைவர் அரிவாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? விரதத்தில் வாடிப்போன அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

கொடையன்று காலையில் தலைவர் கேட்டார்: "கையால அடிச்சதுதானவே?"

மச்சான் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆமாண்ணாச்சி, கையால அடிச்சதுதான். நான் கூடவே இருந்தேன்லா."

பெண்கள் குலவையிட்டார்கள். தலைவர் சற்று நேரம் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அரிவாளை வாங்கினார். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு அவர் கோயில் படி ஏறவேயில்லை. எதிர்ச்சுவரோரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு கொடை அப்படியே போயிற்று. மூன்றாம் கொடைக்கு அவர் இல்லை.

பட்டறையை இப்போது மச்சான் மகன் பார்க்கிறான். கடைகளில் யார் கேட்டாலும், "பாதி கை, பாதி மிஷின்" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார்கள், சிலர் வாங்குகிறார்கள். கத்திக்குச் சொல்வது எளிது.

போன வெள்ளிக்கிழமை மனசு தாங்காமல் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"தெரியும்வே. அந்த மிஷின் போடுத சத்தம் மூணு சந்துக்குக் கேக்கும். எனக்கு மட்டும் காது அடைச்சா கிடந்துச்சு?"

"பின்ன ஏன் அண்ணாச்சி அப்படிக் கேட்டீங்க?"

"அவரு வாயால சொல்லட்டும்னுதான். 'தோளு போச்சு, மிஷின்லதான் அடிச்சேன்'னு சொல்லியிருந்தா, சாமி முன்னால சரின்னு வாங்கியிருப்பேன். அந்த மனுசன் தலை நிமிந்து உள்ள வந்திருப்பாரு. நீரு ஏன்வே ஊடால வந்தீரு?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு வேகமாக வந்தது?