முப்பதில் போன லாரி

எங்கள் சங்கத்தில் இருபத்தெட்டு டிரைவர்கள். வாயே திறக்காத ஆள் யார் என்று கேட்டால் அத்தனை பேரும் அய்யம்பெருமாள் என்றுதான் சொல்வார்கள். கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். பதினொரு வருடமாகச் செயலாளராக இருக்கும் நான், குருநாதன், அவரைத் தீர்மானத்துக்குக் கை தூக்க ஓர் ஆள் என்று மட்டும்தான் நினைத்து வைத்திருந்தேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போவது எங்கள் வேலை. லாரி கான்ட்ராக்டருடையது. சம்பளம் நடைக்கு இவ்வளவு என்று. பத்து நடை அடித்தால் வீட்டில் நல்ல முகம், ஆறு நடை என்றால் முணுமுணுப்பு. அதனால் லாரியில் ஏறி உட்கார்ந்தால் கால் தானாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும். லோடு வண்டி போக ஒரு ரோடு, காலி வண்டி ஓடைக்கரை வழியாகத் திரும்ப இன்னொரு ரோடு. இரண்டுமே ஒரு லாரியும் ஒட்டினாற்போல் ஒரு பைக்கும் போகிற அகலம்தான், ஓரமெல்லாம் சீமைக்கருவை. நடைக்கூலியை ஒழித்துத் தினச்சம்பளம் கொடுங்கள் என்று சங்கம் வருடா வருடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் காலை ஆறு மணிக்கு அந்த லோடு ரோட்டில் எங்களைத் தவிர ஓர் ஆடுகூட இருக்காது. பெரம்பலூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வந்த பிறகு ஊர்ப் பெண்கள் முப்பது நாற்பது பேர் ஸ்கூட்டியில் கிளம்பி, மெயின் ரோட்டுக்கு வரும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிமிடம் பிசகினால் பஸ் போய்விடும், எங்களுக்குப் பிசகினால் நடை போய்விடும். இரண்டு அவசரத்துக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரு ரோடுதான்.

தை மாதம் ஒரு காலையில் பூவிழி என்ற பெண்ணின் ஸ்கூட்டியை முந்தப் போன லாரி ஒன்று அவளை இடித்துக் கீழே தள்ளியது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அந்த லாரியை ஓட்டியவன் நான். மறைத்து என்ன ஆகப்போகிறது? நானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கேஸ் இன்னும் நடக்கிறது. வழியில் அவள் அழவில்லை. "பஸ்ஸு போயிருக்குமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரமே கூட்டம் போட்டு, வேகத்துக்குக் காரணம் நடைக்கூலி என்று மனு எழுதினேன். இடித்தவனே எழுதிய மனு. கான்ட்ராக்டர் அறிவரசன் அதைப் படிக்காமலே மேசைக்குள் போட்டார்.

"கன்வேயர் பெல்ட் போடப் போறாங்க குருநாதா, கல்லு தானா ஆலைக்குப் போயிரும். ரெண்டு வருசத்துல லாரியே கெடையாது. இருக்குறவரைக்கும் ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

அந்த பெல்ட் பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. போன வழியே திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் காலை சுரங்கத்திலிருந்து முதலில் வெளியே வந்தது அய்யம்பெருமாளின் லாரி. அது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனது. காலி ரோடு, முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை, அப்படியும் முப்பதுதான். பின்னால் நாங்கள் இருபத்தேழு பேர் ஹாரனை அலற விட்டோம். அவர் அசையவில்லை. எடைமேடையில் நான் இறங்கி ஓடினேன்.

"என்னண்ணே, கியர் மாட்டிக்கிச்சா?"

"இல்ல குருநாதா, வண்டி நல்லாத்தான் இருக்கு."

"பொறவு ஏன் இப்புடி ஊர்றீங்க?"

"முப்பதுல போனா குறுக்க நாய் வந்தாக்கூட நிறுத்திடலாம். பாத்துட்டேன்" என்றார்.

அன்றைக்கு யாருக்கும் ஆறு நடைக்கு மேல் தேறவில்லை. எடைமேடையில் அவரைத் தாண்டி முன்னே போனவன்கூட, ரோடு வட்டமாக இருப்பதால், அடுத்த சுற்றில் அவர் வண்டியின் வாலைத்தான் பிடித்தான். சாயங்காலம் வைரக்கண்ணு சண்டைக்குப் போனான். எங்களில் வேகமான கால் அவனுக்கு, அதைவிட வேகமான வாய்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உங்க கிறுக்குக்கு நான் பட்டினி கெடக்கணுமா?"

"எனக்கும் ஆறு நடைதான்டா கண்ணு" என்றார் அய்யம்பெருமாள். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வைரக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் வண்டிக்குப் போனான்.

நானும் என் பங்குக்குச் செயலாளர் தோரணையில் போனேன். "சங்கத்துல பேசி முடிவெடுக்காம நீங்க பாட்டுக்கு எறங்கிட்டா எப்புடிண்ணே?"

"நீதான் பதினோரு வருசமா பேசிட்டு இருக்கியேப்பா" என்றார். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று புரிய வெகுநேரம் ஆனது. ஹாரன் சத்தம் இல்லை. இருபத்தெட்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன, ஒருவனும் ஹாரனைத் தொடவில்லை. கருவைக்காட்டுக்குள் மயில் அகவியது. பதின்மூன்று வருடமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறேன், அங்கே மயில் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் சாயங்காலம் அறிவரசன் வந்து அய்யம்பெருமாளிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடு. நாளைலேருந்து வூட்டுலயே இரு." அவர் சாவியைக் கொடுத்தார். துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு நடந்தார். மனசு கேட்காமல் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாந்தா சோறு போட்டுக்கொண்டிருந்தார். வேலை போன விஷயமே நான் சொல்லித்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது.

"இப்ப என்னண்ணே செய்யிறது?" என்றேன்.

"காலைல வண்டிய எடு. வேற என்ன செய்வ?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்துபோனது என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் வரிசையில் முதல் லாரி வைரக்கண்ணுவுடையது, என்னுடையது மூன்றாவது. நான்கு நாள் அடக்கி வைத்திருந்த கால், இன்றைக்குப் பிய்த்துக்கொண்டு பறக்கப் போகிறான் என்று பார்த்தேன். வைரக்கண்ணு முப்பதில் போனான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. செயலாளர் நான் சொல்லவில்லை, தீர்மானம் போடவில்லை, போஸ்டர் ஒட்டவில்லை. சேலத்திலிருந்து கொண்டுவந்து அய்யம்பெருமாள் வண்டியில் உட்கார வைத்த புது டிரைவரும் வழியில்லாமல் எங்கள் பின்னால் முப்பதில் வந்தான். பதினொரு வருடம் சங்கம் நடத்தியவன், சங்கத்தைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆலையில் கல் குறைந்தது. எட்டாம் நாள் அறிவரசன் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அய்யம்பெருமாளையும் கூட்டிக்கொண்டு போனோம். தினச்சம்பளம், நாளைக்கு எட்டு நடைக்கு மேல் கிடையாது, பெல்ட் வந்தால் யாரையும் நிறுத்துவதற்கு முன் சங்கத்தோடு பேச வேண்டும் என்றெல்லாம் எழுதியாயிற்று. கையெழுத்துப் போடும் நேரத்தில் வைரக்கண்ணு பேனாவை மேசையில் வைத்தான். "மொதல்ல அண்ணன் சாவி." அறிவரசன் சட்டைப் பையிலிருந்தே அதை எடுத்துக் கொடுத்தார். ஆக, அவரும் எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று எங்கள் ஆட்களிடம் கேட்டேன். சங்க விஷயத்தில் அய்யம்பெருமாள் தானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"காலைல மொதல்ல போற வண்டிய தெனம் மாத்தி வுடுங்க. எல்லாரும் ஒரு நாள் முன்னால போகட்டும்."

"எதுக்குண்ணே?"

"பின்னால வர்றவனுக்கு முன்னால போற லாரிதான் தெரியும். முன்னால போறவனுக்குத்தான் ரோட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியும்."

அதையும் எழுதிக்கொண்டோம்.

முறை இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை வரும். ஆனி மாதம் என் முறை வந்த ஒரு காலையில், என் பின்னால் இருபத்தேழு லாரிகள். தை மாதம் நான் இடித்த அதே வளைவு வந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஊர்ப் பாதையிலிருந்து ஏறி வந்த ஒரு ஸ்கூட்டி கண்ணாடியில் தெரிந்தது. பூவிழி. கால் கூடி, மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நான் இடது பக்கம் ஒதுங்கி இன்னும் மெதுவாகப் போனேன். அவள் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் என்னைத் தாண்டிப் போனாள்.

பதின்மூன்று வருடத்தில் அந்த ரோட்டில் என்னை யாரும் முந்தியதில்லை.