மஞ்சள் புள்ளி வைத்த எலி

நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை பேசினால் ராயக்கோட்டையில் இருக்கும் என் அம்மாவே நம்பமாட்டாள். நம்பாவிட்டால் போகட்டும். எலி விஷயத்தில் அவள் செய்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஓசூரின் ஓரத்தில் எங்கள் வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். நாலடி தள்ளி நிற்க இருக்கிற ஒரே இடம் புழக்கடை. அங்கே ஒரு துவைக்கிற கல், ஒரு கறிவேப்பிலை மரம், சுவரோரம் அவரைக் கொடி. பின்னால் கேழ்வரகு விளைந்த நிலத்தை மனை போட்டுக் கல் நட்டார்கள். அங்கே குடியிருந்த எலிகளுக்கு மனை வாங்க வசதியில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

என் மகள் தவழ ஆரம்பித்திருந்த நேரம் அது. கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். காலையில் பார்த்தால் துவைக்கிற கல்லைச் சுற்றி எலிப் புழுக்கை. எலி மூத்திரத்தால் காய்ச்சல் வருமென்று ஊசி போடப் போன இடத்தில் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதன்பிறகு அவளை மண்ணில் விடவே எனக்குப் பயம். இறக்கிவிட்டால் எனக்கு அழுகை வரும், இறக்காவிட்டால் அவளுக்கு. நாள் முழுக்க இடுப்பிலேயே கிடந்தாள்.

என் வீட்டுக்காரர் எலி மருந்து வாங்கி வந்தார். பார்க்க பிஸ்கட் மாதிரியே இருந்தது. எலி அதைக் கடித்து இழுத்துக்கொண்டு போய் எங்கே போடும் என்று யார் கண்டது?

"இத வெச்சீங்கன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

நான் போய்விடுவேன் என்பது அவருக்குத் தெரியும். மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எலிக்கூண்டு வாங்கி வந்தார். கருவாட்டுத் துண்டு வைத்தால் தவறாமல் ஓர் எலி விழுந்தது. ஆனால் கொல்ல அவருக்கு மனசு வராது. பிள்ளையார் வாகனமாம். வேலைக்குப் போகும் வழியில், அடுத்த தெருவைத் தாண்டியிருக்கும் காலி மனையில் கூண்டைத் திறந்துவிட்டுப் போவார். கல்யாணமான பெண்ணை மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுகிற பக்குவம் அதில் இருந்தது. மறுநாளும் ஒன்று விழும். எத்தனை எலிதான் இருக்கிறதோ என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அவர் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில், கடைசியாகப் பார்த்து அனுப்புகிற இடத்தில் வேலை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவள், யூனிபார்ம்கூட மாற்றாமல் கூண்டின் முன்னால் குந்திவிட்டாள்.

"அண்ணி, இது முந்தி வந்த எலிதான்."

"ஆமா, நீ எலிக்கெல்லாம் மூஞ்சி அடையாளம் பாக்கறவ."

பையிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்தாள். அவர்கள் கம்பெனியில் சரிபார்த்த ஒவ்வொரு சாமானிலும் பார்த்தவர் புள்ளி வைக்க வேண்டும். இவளுடையது மஞ்சள். கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள்.

அவர் வழக்கம்போல் அதைக் காலி மனையில் விட்டுவந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மஞ்சள் வாலோடு அதே எலி கூண்டில் கருவாடு தின்றுகொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது. "வேற யாராச்சும் புள்ளி வெச்சிருப்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரே ரிஜெக்ட் திரும்பத் திரும்ப வந்தா, நாங்க பொறுக்கிப் போட்டுக்கிட்டே இருக்கமாட்டோம் அண்ணி. லைன நிறுத்திட்டு எங்கிருந்து வருதுன்னு பாப்போம்."

வார லீவன்று லைனை நிறுத்தினாள். என்றைக்காவது உதவும் என்று அவள் அண்ணன் புழக்கடையில் சேர்த்து வைத்திருந்த பலகை, ஓட்டை டயர், தேங்காய் மட்டை மூட்டை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டாள். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். "சும்மா இருண்ணா, எல்லாம் எலிக்குத்தான் ஒதவுது" என்றதோடு அடங்கிவிட்டார். குப்பைக்குப் பின்னால் சுவரோரம் முழுக்க வளைகள். எல்லாவற்றையும் லேசாக மண்ணால் மூடினாள். மறுநாள் காலையில் எதையெல்லாம் எலி மறுபடி திறந்திருந்ததோ, அதற்கு நேர் மேலே சுவரில் மஞ்சள் புள்ளி வைத்தாள். அந்த வளைகளில் ஜல்லியைக் குத்திச் சிமெண்ட் பூசினாள். சாக்கடை வாய்க்குக் கம்பிவலை அடித்தாள். அவரைக் கொடியைச் சுவரிலிருந்து பிரித்துத் தனியாகப் பந்தலில் ஏற்றினாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் நான் சிந்துகிற சோற்றையும் விடவில்லை.

"சோறும் வூடும் இல்லைன்னா அதுவே போயிரும். ஆனா நீங்க சோறு போட்டுக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது?"

சுருக்கென்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் கம்பெனியில் நின்றுவிட்டு, என் பிள்ளைக்காகச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன பேசுவது? அன்றிலிருந்து பருக்கை கீழே விழாமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு அவள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது, அவ்வளவு அழகாக வேலை செய்தாள்.

பிறகு தினமும் சாயங்காலம் சுவரோரம் கோலமாவைத் தூவி வைப்பாள். முதலில் காலடித் தடங்கள் தாறுமாறாகத் தெரிந்தன. போகப்போகக் குறைந்தன. ஒரு காலையில் மாவு தூவியது தூவியபடி கிடந்தது. நான் நம்பவில்லை. இன்னும் தூவச் சொன்னேன். முகம் சுளிக்காமல் தூவினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியேதான் கிடந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றிப் புழுக்கையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரையைக் கழுவிவிட்டு, "எறக்கி வுடுங்க அண்ணி" என்றாள். என் கைதான் பிரிய மாட்டேன் என்றது. கடைசியில் இறக்கிவிட்டேன். என் மகள் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு நேராகச் சுவரை நோக்கித் தவழ்ந்து போனாள். கைக்கு எதுவோ அகப்பட்டது. வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் எழுவதற்குள் நாத்தனார் ஓடிப்போய் அவள் வாயைத் திறந்து, விரலை விட்டுத் துழாவினாள். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெறும் மண்ணுதான் அண்ணி" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.